“எனக்கு வயசு எத்தனைன்னு யாருக்கும் தெரியாது மிஸ்”

வாசகி ஒருத்தங்க அனுப்பின எட்டுப் பக்கக் கடிதம். கொப்பித் தாள்ல கையால எழுதி, அதை போன்ல படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. முழுசா போட முடியாது, ஊர் பேர், ஆள் பேர் எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

கண்டி, மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலையில பழைய ஏலக்காய் தோட்டம் ஒண்ணுல தாத்தா காவக்காரரா இருந்திருக்கார். தோட்டத்துக்காரங்க விட்டுட்டுப் போன பிறகும் குடும்பம் அங்கயே தங்கிருச்சி. பக்கத்துல வீடு கிடையாது, பஸ் ரோட்டுக்கு இறங்கவே ரெண்டு மணித்தியாலம். அப்பா பிள்ளைங்க யாரையும் ஸ்கூலுக்கு அனுப்பல, ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிட்டுப் போகல. எல்லாரும் வீட்டுல பிறந்தவங்க, ஒருத்தருக்கும் பேர்த் சர்டிபிகேட் இல்ல. அம்மா அஞ்சாம் வகுப்பு படிச்சவங்க, கடைச் சாமான் சுத்தி வர்ற பேப்பரை விரிச்சு வெச்சு எழுத்து சொல்லிக் குடுத்திருக்காங்க. “தமிழ் பேப்பர் வந்தா அன்னைக்கு எங்களுக்கு திருநாள் மிஸ், அனேகமா சிங்களப் பேப்பர் தான் வரும்”னு எழுதியிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்ன மலையை விட்டு இறங்கி, இப்ப சித்தி வீட்டுல இருந்துகிட்டு ஒரு பேக்கரியில வேலை. ஐடென்டிட்டி கார்ட் இல்லாததால மத்தவங்களை விட சம்பளம் குறைவு. மேல இன்னும் 14 வயசுல தங்கச்சி, 8 வயசுல தம்பி, அப்பா பக்கம் நிக்கிற அண்ணன். தம்பிக்கு ராத்திரியில இழுப்பு வருது. இடையில பிறந்த இன்னொரு தங்கச்சி ஏழு வயசுல காய்ச்சல் வந்து வலிப்பாகி இறந்துட்டா, நாலு நாளும் கொத்தமல்லித் தண்ணியும் திருநீறும் தான். “கீழ போனவ கீழயே கிடக்கட்டும்”னு அப்பா சொல்லி அனுப்பியிருக்கார்.

படிக்கணும், எங்க இருந்து தொடங்குறது, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலே கை நடுங்குது, தம்பி தங்கச்சியை பத்தி யார்கிட்டயாவது சொன்னா அது காட்டிக் குடுக்குறதா, இது தான் கேள்வி. கடைசிப் பக்கத்துல ஓரமா இன்னொரு கேள்வியும் இருக்கு.

தங்கச்சி,

எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கீங்க. நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல டி.எஸ். ஒபிஸ்ல, அதாவது பிரதேச செயலகத்துல, உளவளத்துணை உத்தியோகத்தரா இருந்தவ, டிகிரி முடிச்ச ஆட்கள் எழுதின ரிப்போர்ட் எத்தனையோ வாசிச்சிருக்கேன், என்ன சொல்ல வர்றாங்கன்னே விளங்காது. உங்க எட்டுப் பக்கத்துல எனக்கு விளங்காத ஒரு வரி இல்ல. அதனால அந்த மன்னிப்பை நான் எடுத்துக்கல.

ஓரமா சின்ன எழுத்துல எழுதின கேள்வியில இருந்தே வர்றேன். “அவளை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருந்தா இருந்திருப்பாளா மிஸ்?”

ஒருவேளை இருந்திருப்பா. இல்லைன்னு சொல்லி உங்களை சமாதானப்படுத்த எனக்கு மனசு வரல, ஏன்னா ரெண்டு வருஷமா கீழ இருந்து பாத்துட்டீங்க, பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல்னா விடியக்காலம் ஓ.பி.டி. வரிசையில துண்டுக்கு நிக்கிற அம்மாமாரை பாத்துட்டீங்க, பதில் உங்களுக்குத் தெரிஞ்சு தான் என்கிட்ட கேக்குறீங்க. காய்ச்சலோட வலிப்பு வந்து பிள்ளை கண்ணு சொருகி மயங்குதுன்னா மூளைக் காய்ச்சலா இருக்கலாம், வேற ஏதாவதா இருக்கலாம், சிலதுக்கு மருந்து கேக்கும், சிலதுக்கு ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாலும் கேக்காது, ஆனா எதுவா இருந்தாலும் வீட்டுல நாலு நாள் பொறுத்துப் பாக்குற காரியம் இல்ல அது. இது உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கு, அன்னைக்கு உங்களுக்கு வயசு பன்னெண்டோ பதிமூணோ. அதுவரைக்கும் பஸ் ரோட்டையே ரெண்டு தடவ தான் பாத்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. “நான் தூக்கிட்டு ஓடியிருக்கலாம்”ங்கிறீங்க. எங்க ஓடுறது? ஆஸ்பத்திரின்னா கொல்ற இடம்னு சொல்லி வளத்த பிள்ளை, மயங்கிக் கிடக்குற தங்கச்சியை தூக்கிட்டு காட்டுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் இறங்கி, முன்னப்பின்ன தெரியாத ஆட்கள்கிட்ட குடுத்திருக்கணுமா? வீட்டுல நாலு பெரிய ஆட்கள் இருந்தாங்க. இந்தக் கணக்கை அவங்க பேர்ல எழுதுங்க, உங்க பேர்ல எழுதாதீங்க.

உங்களை இவ்வளவு அழுத்துறதுக்கு வேற காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். அவ பிறந்ததும் பதியல, இறந்ததும் பதியல, ஒரு போட்டோ கூட இல்ல, ஸ்கூல் இடாப்புல பேர் இல்ல. அவ இருந்தாங்கிறதுக்கு நீங்க தான் சாட்சி, நீங்க மறந்தா அவ இல்லவே இல்லைன்னு ஆயிடும்னு பயம். அதை தனியா சுமக்காதீங்க. சித்திகிட்ட பேசுங்க, சித்திக்கும் அவ அக்கா மகள் தானே. ஒரு கொப்பியில அவளைப் பத்தி ஞாபகம் இருக்கிறதெல்லாம் எழுதி வைங்க, எந்தப் பாட்டுக்கு ஆடுவா, எதுக்கு அழுவா, எதை ஒளிச்சு வெச்சுத் தின்பா. உங்களுக்கு எழுத வரும், எனக்கு எட்டுப் பக்கம் எழுதின கை தானே அது. ராத்திரியில இந்த நினைப்பு தாங்க முடியாமப் போனா 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவகத்தோட நம்பர், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ்ல பேசுறவங்களைக் கேளுங்க.

இப்ப அப்பா.

பேக்கரியில யாரோ “உங்க அப்பாவுக்கு பைத்தியமா”ன்னு கேட்டு நீங்க அன்னைக்கு முழுக்க யாரோடயும் பேசலைன்னு எழுதியிருக்கீங்க. பைத்தியம்னு எனக்குத் தோணல. நீங்க மூணு நாலு வரியில எழுதித் தள்ளிட்டுப் போயிட்டீங்க, எனக்கு முழுக் கதையும் அங்க தான் இருக்குன்னு படுது. தாத்தா ஒரு தாள்ல கைநாட்டு வெச்சார், அவரோட அக்கா குடும்பமும் ஒரு தாள்ல கைநாட்டு வெச்சாங்க, இவர் இங்க நின்னார், அக்கா கோச்சி ஏறி தலைமன்னார் போய் கப்பல் ஏறிட்டாங்க, அதுக்குப் பிறகு முகம் பாக்கல. எந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சின்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல தங்கச்சி. 1948ல வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால, இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆட்கள் நாடில்லாதவங்களா ஆனாங்க, 1964ல இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல ஒன்பது லட்சத்து எழுபத்தஞ்சாயிரம் பேரை கடலை பங்கு பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்ச 150,000 பேரை பத்தி பிறகு பேசிக்கலாம்னு. பங்கு போன ஆட்கள்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. லயத்துக்கு லயம் அழுகை தான். எங்க அப்பாயி கடைசி வரைக்கும் கவர்மெண்ட் கடிதம் வந்தா பிரிக்க விடமாட்டாங்க, முதல்ல சாமிப் படத்துக்குக் கீழ வெச்சு ஒரு நாள் கழிச்சுத் தான் பிரிக்கணும், அது கரண்ட் பில்லா இருந்தாலும் சரி.

அடுத்தது உங்க அப்பாயி. நாலாவது பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போன இடத்துல ஆபரேஷன் பண்ணி அனுப்பிட்டாங்க, அது பிள்ளை பிறக்காம பண்ற ஆபரேஷன்னு வீட்டுக்கு வந்து தான் தெரியும்னு எழுதியிருக்கீங்க. அங்கயும் ஒரு தாள், ஒரு கைநாட்டு. 80கள்ல கர்ப்பத்தடை ஆபரேஷன் செஞ்சா 500 ரூபா வரைக்கும் கையில குடுத்தாங்க, தோட்டத்துச் சனத்துக்கு அது அப்ப பெரிய காசு, விளங்கிச் செஞ்சவங்களும் இருந்தாங்க, காசுக்குச் செஞ்சவங்களும் இருந்தாங்க, ஒண்ணும் விளங்காம படுத்து எழும்பி வந்தவங்களும் இருந்தாங்க. அதுக்கப்புறம் உங்க அத்தை. ஸ்கூல்ல இருந்த ஒரு ஆள் மூலமா கொழும்புல படிக்க வைக்கிறோம்னு பத்து வயசுல கூட்டிட்டுப் போய் ஒரு வீட்டுல சட்டி கழுவ விட்டாங்க, திரும்பி வந்தப்ப வாய் திறந்து பேசுறதில்ல. மலையில எந்தத் தோட்டத்துல கேட்டாலும் இப்படி ஒரு பிள்ளை கதை இருக்கும்.

இந்த மூணையும் ஒரு வீட்டுல வளர்ற பையன் பாத்தா என்ன ஆகும்? பேர் எழுதிக்கிட்டா ஆளை எடுத்துருவாங்க, அவ்வளவு தான் அவருக்கு விளங்கினது. ஸ்கூல் இடாப்பும் தாள், கிளினிக் கார்டும் தாள். போதாததுக்கு நீங்க இருக்கிற இடம், நக்கிள்ஸ் 2000த்துல பாதுகாக்கப்பட்ட வனமா ஆன பிறகு அங்க ஏலக்காய் போடவோ குடியிருக்கவோ அனுமதி கிடையாது. உங்க அப்பாவுக்கு ஆள் நடமாட்டமே பயம், மிட்வைஃப் மிஸ்ஸி ஒரு தடவ ஏறி வந்தா அடுத்த தடவ ஃபொரஸ்ட் ஜீப் வரும்னு. அவரோட நினைப்புல அவர் உங்களை காப்பாத்திக்கிட்டு இருந்தார்.

இதையெல்லாம் சொல்றது அவருக்கு வக்காலத்து வாங்க இல்ல. உங்க கடிதத்துல ஒரு பக்கம் அப்பா மேல கொலைவெறி, அடுத்த பக்கம் அப்பாவுக்கு காலுக்கு செருப்பு வாங்கி அனுப்பினேன்னு இருக்கு, ரெண்டையும் எழுதிட்டு “எனக்கே என்னை விளங்கல”ங்கிறீங்க. விளங்கத் தேவையில்ல, ரெண்டும் இருக்கும், பல வருஷம் இருக்கும். கைநாட்டு வெச்சவங்க ஏமாந்தது எழுத்து தெரியாததால. அதுக்கு மருந்தா அவர் கண்டுபிடிச்சது பிள்ளைங்களுக்கும் எழுத்து தெரியாம வளக்கிறது. பயந்தது அவரு, விலை குடுத்தது அந்தச் சின்னப் பிள்ளை. உங்க அம்மா இதை எப்பவோ விளங்கிக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன், இல்லாட்டி சீனி சுத்தி வந்த பேப்பரை எதுக்கு நீவி நீவி வெச்சிருக்கப் போறாங்க.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல பேர்த் சர்டிபிகேட், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால. பிள்ளை பிறந்து 42 நாளுக்குள்ள பதியணும், மூணு மாசம் தாண்டிட்டா காலங்கடந்த பதிவுன்னு வேற வழி. இருபது வருஷம் கழிச்சும் பதியலாம், நான் ஒபிஸ்ல இருந்தப்ப பேரப்பிள்ளை எடுத்த ஆட்களுக்கே பதிஞ்சு குடுத்திருக்கோம், அதனால வெக்கப்படாதீங்க. நீங்க பிறந்த இடம் எந்த டி.எஸ். ஒபிஸுக்கு கீழ வருதோ அங்க மேலதிக மாவட்டப் பதிவாளர்னு ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட தான் போகணும், சித்தி வீட்டு ஊர் ஒபிஸுக்குப் போய் ஒரு நாளை வீணாக்காதீங்க. முதல்ல உங்க பேர்ல பதிவு இல்லைன்னு தேடிப் பாத்து எழுதித் தருவாங்க, ஜீ.எஸ்.னு சொல்ற கிராம சேவகரோட ரிப்போர்ட் வேணும், அம்மா ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுக்கணும், அப்பா அம்மா கல்யாணப் பதிவு இருந்தா அது, ஜாதகம் இருந்தா அது, கோயில்லயோ சர்ச்சுலயோ பேர் வெச்சதுக்கு ஏதாவது துண்டு இருந்தா அதுவும், பழைய தாள் எது கிடைச்சாலும் எடுத்துட்டுப் போங்க, இது தேவைப்படாதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பிறந்த தேதிக்கு ஒரு ஆதாரமும் கிடைக்கலைன்னா உத்தேச வயதுச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு, அதை வெச்சும் ஐடென்டிட்டி கார்டுக்கு போடலாம், ஆனா அதை கடைசியா வைங்க. ஃபோர்ம் தமிழ்ல கேளுங்க. சிங்கள ஃபோர்மை நீட்டினா வாங்கிக்கிட்டு தலையாட்டிட்டு வர்ற பழக்கம் நம்ம ஆட்கள்கிட்ட இருக்கு, தமிழும் ஆட்சி மொழி தான், கேட்டா தரணும். விளங்காத எதுலயும் கையெழுத்து போடாதீங்க, இந்த ஒரு விஷயத்துல மட்டும் நீங்க அப்பா மகளாவே இருங்க.

ஒபிஸ்ல யாராவது “நீங்க இந்த நாட்டு ஆளா”ன்னு கேட்டா தலையை குனியாதீங்க. 2003ல வந்த சட்டப்படி, 1964 ஒக்டோபர் 30ல இருந்து இங்கயே இருக்கிற இந்திய வம்சாவளி ஆட்களும் அவங்க பிள்ளைங்க பேரப்பிள்ளைங்களும் இலங்கைப் பிரஜைகள். உங்க தாத்தா அதுக்கு முன்ன இருந்தே ஏலக்காய் காவல் காத்தவர்.

அந்த ஜீ.எஸ். ரிப்போர்ட்ல ஒரு சிக்கல் இருக்கு, மறைக்க விரும்பல. பிறந்த இடம் எழுதும்போது அந்த மலை வீட்டை பத்தி கேள்வி வரத் தான் செய்யும். அதனால ஒபிஸுக்கு போறதுக்கு முன்ன கண்டியில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வசதி இல்லாதவங்களுக்கு காசு வாங்காம சட்ட ஆலோசனை சொல்லுவாங்க, அங்க போய் பதிவு விஷயம், காணி விஷயம் ரெண்டையும் ஒண்ணா சொல்லிருங்க. அப்பா பயப்படுறது எவ்வளவு தூரம் நிஜம்னு சட்டம் தெரிஞ்ச ஒரு வாயால கேட்டாத் தான் உங்களுக்கும் அடுத்த அடி வைக்க வரும். பேர்த் சர்டிபிகேட் வந்த உடனே இப்ப இருக்கிற விலாசத்து ஜீ.எஸ். ஊடாக ஐடென்டிட்டி கார்டுக்கு போடலாம், அதுக்கு போட்டோ கண்ட ஸ்டூடியோவுல எடுத்தா எடுக்க மாட்டாங்க, திணைக்களத்துல பதிஞ்ச ஸ்டூடியோவா கேட்டு எடுங்க. கார்ட் கையில வந்த மாசமே பேக்கரி முதலாளிகிட்ட சம்பளம் பேசுங்க, ஈ.பி.எஃப்., அதான் ஊழியர் சேமலாப நிதி, அதைப் பத்தியும் கேளுங்க, என்னைக் கேட்டா இப்பவே கேக்கலாம், ஆனா உங்களுக்கு அது இப்ப முடியாதுன்னு எனக்குத் தெரியுது.

ஆஸ்பத்திரி நடுக்கம். டெட்டோல் மணம் வந்தாலே வியர்க்குது, பேக்கரியில கையை அறுத்துக்கிட்டப்ப தையல் போட கூட்டிட்டுப் போன ஆளை தள்ளிட்டு ஓடி வந்துட்டேன், பிறகு எல்லாரும் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. இருபது வருஷம் அங்க போனா உயிரோட வரமாட்டேன்னு கேட்டு வளந்த உடம்பு, மனசு ஓகே சொன்னாலும் கால் நிக்காது. அதனால மனசோட மல்லுக்கு நிக்காதீங்க, காலை பழக்குங்க. லீவு நாள்ல சித்தியோட ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போங்க, எதிர்க்க இருக்கிற கடையில ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்துருங்க, அவ்வளவு தான் அன்னைக்கு வேலை. அடுத்த லீவுக்கு உள்ள போய் ஓ.பி.டி. வாங்குல அரை மணித்தியாலம் உக்காருங்க, நடுக்கம் வரும், எழும்பி ஓடாம இருந்தா அது கூடிக் கூடிப் போய் பிறகு தானா இறங்கும், அது இறங்குறதை நீங்க உக்காந்து பாக்கணும், அது தான் மருந்து. மூணாவது தடவ பிரஷர் மட்டும் பாக்கச் சொல்லுங்க. ஊசி எல்லாம் பிறகு. பெரிய ஆளுக்கு அவங்க சம்மதம் இல்லாம ஊசி போட ஏலாது, “இது என்ன ஊசி, எதுக்கு”ன்னு கேக்குறது உங்க உரிமை. சில நேரம் எரிஞ்சு விழுவாங்க. எங்க அம்மாவை ஒரு ஆஸ்பத்திரியில தோட்டத்துக்காரின்னு ஏசி, வரிசையில இருந்து கடைசிக்கு அனுப்பினதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், எனக்கு அப்ப ஒன்பது வயசு, இன்னைக்கும் அந்த மிஸ்ஸி முகம் ஞாபகம் இருக்கு. அதே அம்மாவுக்கு பிறகு இருதயத்துல பிரச்சினை வந்து இன்னொரு ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க பக்கத்துல நின்னு காப்பாத்தினதும் ஒரு மிஸ்ஸி தான், தமிழ் ஒரு சொல் தெரியாது அவங்களுக்கு.

அந்த வாங்குல உக்கார முடிஞ்ச பிறகு, ஊர் மிட்வைஃப்கிட்டயோ எம்.ஓ.எச்.னு சொல்ற சுகாதார வைத்திய அதிகாரி ஒபிஸ்லயோ போய் சின்ன வயசுல ஒரு தடுப்பூசியும் போடலைன்னு சொல்லுங்க, ஏச மாட்டாங்க, உங்களை மாதிரி ஆள் அவங்களுக்கு அபூர்வம். ரெண்டு விஷயம் முக்கியமா கேளுங்க. ஒண்ணு ஏற்பு ஊசி, டெட்டனஸ்னு சொல்றது, சின்னதுல போடாத ஆளுக்கு இடைவெளி விட்டு மூணு ஊசி போடணும், பேக்கரியில தகரமும் கத்தியும் பிடிக்கிற கை உங்களோடது. மத்தது ருபெல்லா, கல்யாணத்துக்கு முன்ன போட்டுக்கணும், வயித்துல பிள்ளை இருக்கும்போது அந்தக் காய்ச்சல் வந்தா பிள்ளையோட காது, கண், இருதயம் பாதிக்கும். அப்படியே ரத்தத்தையும் சோதிச்சுப் பாருங்க. எப்பவும் களைப்பு, படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்கீங்க, மலை ஏறி வளந்த பிள்ளைக்கு படி ஏற மூச்சு வாங்கக் கூடாது, ரத்தம் குறைவா இருக்கலாம், பூச்சியும் இருக்கலாம். சோறு சாப்பிட்ட கையோட சாயத் தண்ணி குடிக்கிற பழக்கத்தை விட்டுருங்க, சாப்பாட்டுல இருக்கிற இரும்புச் சத்தை அது உடம்புல சேர விடாது. தேயிலையை நம்பி வாழ்ற மலையில இருந்துகிட்டு இதைச் சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரி தான் இருக்கு, குடிக்க வேணாங்கல, ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க.

தம்பி விஷயத்துல எனக்குப் பொறுமை கிடையாது, முன்னாடியே சொல்லிடுறேன்.

உங்க விஷயத்துல நீங்க மெதுவா போகலாம், உங்களுக்கு வயசு வந்துருச்சி. எட்டு வயசுப் பிள்ளைக்கு ராத்திரி மூச்சு இழுக்குதுன்னா அது காத்திருக்காது. அம்மாவுக்கு சித்தப்பா போன் மூலமா ஞாயித்துக்கிழமை பேசுறீங்க தானே, அடுத்த ஞாயிறு இதைச் சொல்லுங்க. பிள்ளையை அடுப்படிக்குப் பக்கத்துல படுக்க வைக்க வேணாம், குளிருக்கு இதமா இருக்குன்னு தான் படுக்க வைக்கிறாங்க, ஆனா ராத்திரி பூரா புகைஞ்சுகிட்டு இருக்கிற விறகு தான் அவனுக்கு எமன். மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில உள்ள இழுக்குது, ஒரு வசனத்தை முழுசா பேச முடியல, உதடு நீலமாகுது, இதுல ஒண்ணு வந்தாலும் அது நாட்டு மருந்து பாக்குற நேரம் இல்ல, தூக்கிட்டு இறங்கணும், இறங்கும்போதே சிக்னல் கிடைக்கிற இடத்துல 1990க்கு எடுத்தா அம்புலன்ஸ் ரோட்டுக்கு வரும், காசு கிடையாது. அப்படி அவசரம் வர்றதுக்கு முன்னயே ஒரு தடவ கிளினிக்ல காட்டினா இழுப்புக்கு பம்ப் குடுப்பாங்க, அதைப் பாவிக்கப் பழகிட்டா பிள்ளை ஓடி விளையாடுவான். இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னா, என் அனுபவத்துல, பயந்த ஆளோட தர்க்கம் பண்ணி ஜெயிச்சதா நான் பாத்ததே இல்ல. “ஆஸ்பத்திரி நல்லது”ன்னு சொன்னா அப்பாயி கதை வரும். “அப்பா, அவளை நாலு நாள் வெச்சுப் பாத்தோம், இவனையும் வெச்சுப் பாக்கணுமா”ன்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு பேசாம இருங்க. அந்தப் பிள்ளையை குழியில வெச்சது அவர் கை, அவர் தூங்குறார்னா நினைக்கிறீங்க?

அதுக்கும் அசையலைன்னா சொல்லத் தான் வேணும். அண்ணன் அதை காட்டிக் குடுக்கிறதுங்கிறார். ஆரை ஆர்கிட்ட காட்டிக் குடுக்கிறீங்க? 5ல இருந்து 16 வயசு வரைக்கும் பிள்ளை படிக்கணும்ங்கிறது நாட்டுச் சட்டம், 2016ல இருந்து 16, அதுக்கு முதல் 14. தம்பிக்கு மட்டும் இல்ல, தங்கச்சிக்கும் இன்னும் ரெண்டு வருஷம் அந்தச் சட்டம் இருக்கு. டி.எஸ். ஒபிஸ்ல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பாங்க, என் பக்கத்து மேசையில இருந்தவங்க, அவங்க வேலையே இது தான். இல்லைன்னா 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, போன்ல சொன்னா போதும். உடனே பொலிஸ் வந்து பிள்ளைங்களை அள்ளிட்டுப் போய் இல்லத்துல போட்டுருவாங்கன்னு அப்பா சொல்றதை நீங்களும் பாதி நம்புறீங்க. நீதிமன்றத்துக்குப் போகாம அப்படி இல்லத்துல போட முடியாது, நான் போன கேஸ்கள்ல முதல்ல நடந்தது வீட்டுக்குப் போய் உக்காந்து பேசுறது தான், தேத்தண்ணி குடிச்சு, நாயைப் பத்தி விசாரிச்சு, ரெண்டாவது மூணாவது தடவ போகும்போது தான் ஸ்கூல் பேச்சே எடுப்போம். ஆனா எல்லாம் சுமுகமா முடியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அப்பா கொஞ்ச காலம், இல்ல ரொம்ப காலம், உங்களோட பேசாம இருக்கலாம். செருப்பு திரும்பி வரலாம். அதுக்கு மனசை தயார் பண்ணிக்கிட்டு செய்ங்க, தனியா செய்யாதீங்க, சித்தியை பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்ங்க. கீழ வந்து தங்குறதுக்கு தங்கச்சிக்கு சித்தி வீட்டுல இடம் இருக்கான்னும் இப்பவே கேட்டு வைங்க, அவளுக்கு 14, அவளுக்கு நேரம் ரொம்பக் குறைவு.

படிப்பை கடைசியில வெச்சதுக்கு கோபிக்காதீங்க, அது தான் இருக்கிறதுலயே லேசான வேலை, உங்களைப் பொறுத்த வரைக்கும். கல்வித் திணைக்களத்துல முறைசாராக் கல்வின்னு ஒரு பிரிவு இருக்கு, வலயக் கல்வி ஒபிஸ்ல கேளுங்க, ஸ்கூல் போகாத ஆட்களுக்குன்னே வகுப்பு வெப்பாங்க. கணக்கை அங்க அடியில இருந்து பிடிங்க, தமிழ் உங்களுக்கு இருக்கு. ஐடென்டிட்டி கார்ட் வந்தா ஓ.எல்.னு சொல்ற சாதாரண தரப் பரீட்சைக்கு தனிப்பட்ட பரீட்சார்த்தியா போடலாம், ஒரே தடவையில எல்லாப் பாடமும் எடுக்கணும்னு இல்ல. பேக்கரி வேலைக்கே என்.வி.கியூ.ன்னு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம், தொழிற்பயிற்சி குடுக்கிற அரசாங்க நிறுவனமான நைட்டாவுல நீங்க ஏற்கனவே செய்து பழகின வேலையை சோதிச்சுப் பாத்து குடுக்கிற முறை இருக்கு, மூணு மணிக்கு எழும்பி மா பிசையுற பிள்ளைக்கு அதுல என்ன பயம். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன்னு கடையில சொன்ன பொய்யை இப்ப போய் எல்லார்கிட்டயும் உடைக்க வேண்டாம், அது அவங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட மட்டும் சொல்லி வைங்க, வங்கி ஃபோர்ம் நிரப்ப யாராவது வேணும் இல்லையா.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல வரும்போது தம்பி விஷயத்தை சொல்லி முடிச்சிட்டு, நீங்க பிறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சின்னு கேளுங்க. சுனாமி வந்தப்ப நீங்க தவழ்ந்துகிட்டு இருந்தீங்கன்னு அப்பாயி சொல்லுவாங்கன்னு எழுதியிருக்கீங்க, சுனாமி 2004 டிசம்பர் 26, அப்ப தவழ்ற பிள்ளைன்னா அனேகமா அந்த வருஷம் முதல் பாதியில பிறந்திருக்கணும், வருஷம் கிடைச்சிருச்சி பாருங்க. இனி மாசம். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னயா பின்னயா, மழையா வெயிலா, ஏலக்காய் காய்ச்சிருந்துச்சா, கீழ கோயில்ல திருவிழாப் பறை கேட்டுச்சா, யாரு தொப்புள் கொடி அறுத்தது, அந்த ஆள் இன்னும் உயிரோட இருக்காங்களா, இருந்தா அவங்களும் ஒரு சாட்சி. அம்மா சொல்றதை அப்படியே கொப்பியில எழுதிக்கிட்டு எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க, சத்தியக் கடதாசி எழுதறப்ப அது தான் முதல் பந்தி.